கோல்ஃப் வீச்சைத் திருத்தும் பயிற்சிக் கருவிகள்: புதியவர் எதை, எந்த வரிசையில் எடுக்க வேண்டும்?

கோல்ஃப் வீச்சில் மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லி நொடி, அதாவது ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் மட்டைமுகம் எந்தப் பக்கம் பார்த்தது, மட்டைத்தலை எந்தத் தடத்தில் வந்தது, பந்து முகத்தின் எந்தப் புள்ளியில் பட்டது என்பவற்றைக் கண்ணால் பார்த்துவிடவோ கையால் உணர்ந்துவிடவோ புதியவரால் முடியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் எங்கோ பறந்துபோகும் பந்தும், ஏதோ தவறு நடந்துவிட்டது என்ற எண்ணமும்தான். பயிற்சிக் கருவி உதவிக்கு வருவது இந்த இடத்தில். நடந்தது என்ன என்பதை அது உடனுக்குடன், முகத்தாட்சண்யம் பாராமல் சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டுத் திருந்த வேண்டியது உடம்பின் வேலை.

இது புரியாமல் நான் வாங்கிய கருவிகள் அலமாரியின் அடித்தட்டில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று, தண்டின் நடுவே கீல் வைத்த மட்டை. வீச்சின் தடம் பிசகினால் அது பாதியில் மடங்கிவிடும். இரண்டு வாரத்தில் அதை மடங்காமல் வீசக் கற்றுக்கொண்டேன். ஆனால் சாதாரண மட்டையைக் கையில் எடுத்ததும் பந்து பழையபடியே வலப்பக்கம் வளைந்து போயிற்று. என்னிடம் இருந்த குறை வேறு, அந்தக் கீல் காட்டிக்கொடுக்கும் குறை வேறு என்பது பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை கடைகளில் கருவிகளை அடுக்கும் வரிசையாக இருக்காது. முதலில் குறையைக் கண்டறிதல், பிறகு அந்தக் குறைக்குரிய ஒரே ஒரு கருவி, கடைசியில் அந்தக் கருவியைக் கைவிடுதல் என்று அது செல்லும்.

இங்கு சொல்லப்படும் இடம், வலம் எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு உரியவை. இடக்கை ஆட்டக்காரர் இவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் படி: குறையைக் கண்டறிதல்

ஏழாம் எண் அயர்ன் மட்டை (நடுத்தரத் தொலைவுக்கு அடிக்கும் உலோகத்தலை மட்டை) ஒன்றையும் பத்துப் பந்துகளையும் எடுத்துக்கொண்டு, ஒரே இலக்கை நோக்கி அடிக்க வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் மூன்று செய்திகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்: பந்து எந்தத் திசையில் கிளம்பியது, கிளம்பிய பின் எந்தப் பக்கம் வளைந்தது, மட்டைமுகத்தில் எங்கே பட்டது. இந்தப் பத்துப் பந்துச் சோதனையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டுக் கருவி வாங்குவது, நோய் என்னவென்று தெரியாமல் மருந்து வாங்குவதைப் போன்றது.

பந்து பட்ட இடத்தை அறிய, கடைகளில் விற்கும் ஒட்டுத்தாள் ஒன்று உண்டு. அதை மட்டைமுகத்தில் ஒட்டினால் பந்து பட்ட இடத்தில் கறை விழும். அதைவிட எளிய வழி, பாதங்களுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை மட்டைமுகத்தில் மெல்லிய வெண்படலமாக அடித்துக்கொள்வது. ஒவ்வோர் அடிக்கும் பின் பந்தின் குழிகள் அந்த வெண்மையில் வட்டமாகப் பதிந்திருக்கும். பார்த்து எழுதிக்கொண்டு, துணியால் துடைத்துவிட்டு, மறுபடி அடித்துக்கொள்ளலாம். இருக்கிற கருவிகளிலேயே மலிவானதும், எனக்கு மிகுந்த பயனைத் தந்ததும் இதுதான்.

பந்து பறக்கும் விதத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மோதும் கணத்தில் மட்டைமுகம் பார்க்கும் திசை. நூற்றுக்கு ஏறத்தாழ 75 முதல் 85 பங்கு வரை அதன் பொறுப்பு. கிளம்பிய பிறகு பந்து வளைவது, முகம் பார்க்கும் திசைக்கும் மட்டைத்தலை வந்த தடத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டால். தடத்தோடு ஒப்பிடும்போது முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். இதுவே புதியவர்களை வாட்டும் ஸ்லைஸ். பந்து தடத்தின் திசையிலேயே கிளம்புகிறது என்று முற்காலத்தில் கற்பித்தார்கள். டென்மார்க்கில் 2003-இல் தொடங்கப்பட்ட டிராக்மேன் நிறுவனத்தின் ராடார் அளவைகள் பரவிய பின்னரே பயிற்சி உலகம் பரவலாக இந்தக் கருத்தைத் திருத்திக்கொண்டது. பழைய கருத்தை வைத்துக்கொண்டு கருவி தேடுபவர் இன்றும் தவறான கருவியிடமே போய்ச் சேருவார்.

மிகத் தொலைவுக்கு அடிக்கப் பயன்படும், பெரிய தலை கொண்ட டிரைவர் மட்டையில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. பந்து முகத்தின் நடுவில் படாமல், தண்டை ஒட்டிய உட்பகுதியில் பட்டால், மட்டைத்தலை சற்றே முறுக்கிக்கொள்ளும். பற்சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்ப்புறமாகச் சுழற்றுவது போல, பந்துக்கு வலப்பக்கம் வளையும் சுழற்சி கிடைத்துவிடும். நுனிப்பக்கம் பட்டால் இடப்பக்கம் வளையும். தடமும் முகமும் ஒழுங்காக இருந்தும் பந்து வளைவதற்கு இது போதும். என் டிரைவர் முகத்தில் பவுடர் அடித்துப் பார்த்தபோது, பத்தில் ஏழு பதிவுகள் தண்டை ஒட்டியே கிடந்தன. கீல் மட்டையோடு இரண்டு வாரம் நான் திருத்தியது, அவ்வளவாகக் கெடாமலிருந்த தடத்தை. உண்மையில் தேவைப்பட்டது பந்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நிற்பதும், எடையைப் பாதத்தின் முன்பகுதிக்குப் போகவிடாமல் நடுவில் வைத்திருப்பதும்தான்.

இரண்டாம் படி: பிடியும் நிற்கும் திசையும்

குறை எதுவானாலும், இவ்விரண்டையும் சரிபார்க்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. விரல்கள் அமரும் இடங்கள் அச்சாக வார்க்கப்பட்ட ரப்பர்ப் பிடி ஒன்று பயிற்சிக்கென்றே விற்கப்படுகிறது. அதைப் பழைய மட்டை ஒன்றில் பொருத்தி, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நாளுக்குச் சில முறை பிடித்துப் பிடித்து விடுவது நல்லது. சரியாகப் பிடித்தபின் குனிந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு அல்லது மூன்று முட்டிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும் இடத்தில் உண்டாகும் கோடு வலத்தோளை நோக்க வேண்டும். ஒரே ஒரு முட்டிதான் தெரிகிறது என்றால், மோதும் கணத்தில் முகம் திறந்திருக்கப் பெரும் வாய்ப்பு உண்டு. எல்லோர் கையும் ஒரே அளவாக இராது என்பதால், அச்சுப்பிடியை வழிகாட்டியாகக் கொள்ளலாமே தவிர வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை.

நிற்கும் திசைக்கான கருவி, அலைன்மென்ட் ஸ்டிக் என்ற பெயரில் விற்கும் கண்ணாடியிழைக் குச்சி, ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளம் இருக்கும். நேரான எந்தக் கம்பும் இதற்குப் பதிலாக உதவும். பந்துக்கு அப்பால், பந்தும் இலக்கும் சேரும் கோட்டை ஒட்டி ஒரு குச்சியையும், அதற்கு இணையாகப் பாதங்களின் நுனியை ஒட்டி இன்னொன்றையும் கிடத்த வேண்டும். இரண்டும் தண்டவாளம் போல இணையாகவே செல்ல வேண்டும். பாதக் குச்சியை இலக்கை நோக்கியே திருப்பிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் உடம்பு இலக்குக்கு வலப்பக்கம் பார்த்து நிற்கும்.

பயிற்சித் திடலில் எனக்குப் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒருவர், தம் பந்துகள் எல்லாம் காரணமே இல்லாமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போவதாக வருந்தினார். அவர் நின்ற நிலையில் அசையாமல் இருக்கச் சொல்லி, பாதங்களின் நுனியை ஒட்டி ஒரு குச்சியைக் கிடத்திவிட்டு, பின்னால் வந்து பார்க்கச் சொன்னேன். குச்சி இலக்குக்கு வலப்பக்கம் எட்டு டிகிரி அளவுக்குத் திரும்பியிருந்தது. எட்டு டிகிரி என்பது கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். 150 மீட்டர் தொலைவில் அது 21 மீட்டர். வலப்பக்கம் நின்றுகொண்டே பந்தை இலக்குக்குக் கொண்டுவர, அவருடைய கைகள் தாமாகவே குறுக்கே இழுக்கப் பழகியிருந்தன. வீச்சில் தெரிந்த குறைக்கு வேர் நிற்பதில் இருந்தது. இப்படிப்பட்ட ஒருவரிடம் தடம் திருத்தும் கருவியைக் கொடுத்தால், அவர் இரண்டு தவறுகளில் ஒன்றை மட்டும் திருத்தி, முன்பைவிட மோசமாக அடிப்பார்.

மூன்றாம் படி: பந்தை முதலில் தொடுதல்

தரையில் கிடக்கும் பந்தை அயர்ன் மட்டையால் அடிக்கும்போது, மட்டைத்தலை இறங்கிக்கொண்டே வந்து பந்தைத் தொட்டு, அதற்குப் பிறகே தரையைத் தொட வேண்டும். வீச்சின் மிகத் தாழ்ந்த புள்ளி பந்துக்குச் சில அங்குலம் முன்னே, இலக்குப் பக்கமாக அமைய வேண்டும். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்ற ஆசையால் புதியவர் பின்னங்காலில் சாய்ந்துகொள்கிறார். தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் வந்துவிடுகிறது. மட்டை முதலில் மண்ணைத் தொடுகிறது, அல்லது மண்ணைத் தொடாமல் மேலெழும்பிப் பந்தின் தலையில் இடிக்கிறது. பந்தை உயர்த்தும் வேலையை மட்டைமுகத்தின் சாய்வு பார்த்துக்கொள்ளும் என்று எத்தனை முறை சொன்னாலும் உடம்பு நம்ப மறுக்கும். கருவிதான் நம்பவைக்க வேண்டும்.

புல்தரையில் பயிற்சி செய்பவர், பவுடரால் தரையில் குறுக்காக ஒரு கோடு போட்டு, கோடு இரு பாதங்களுக்கும் நடுவே வரும்படி நின்று, பந்தே இல்லாமல் வீச வேண்டும். டிவட் எனப்படும் பெயர்ந்த மண்தடம் அந்தக் கோட்டிலோ அதற்கு முன்னேயோ தொடங்கினால் வீச்சு சரி. கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால் தவறு. பத்து வீச்சில் எத்தனை தேறின என்று எண்ணிக்கொள்ளலாம். பந்து இல்லாததால் அது எங்கே போகும் என்ற கவலை இல்லை. கவனம் முழுவதும் கோட்டின் மேலேயே நிற்கும். விரிப்பின் மேல் அடிப்பவருக்கு இந்த வழி பயன்படாது. விரிப்பில் மட்டை வழுக்கிக்கொண்டு பந்தை எட்டிவிடும் என்பதால், பின்னால் அடித்தாலும் நன்றாக அடித்த உணர்வே கிடைக்கும். அவர் ஒரு கைத்துண்டை மடித்து, பந்துக்கு 15 சென்டிமீட்டர் பின்னால் கிடத்தி, துண்டைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும்.

மோதல்பை என்று ஒன்று உண்டு. அது தடித்த துணியாலான பை. அதற்குள் பழைய துணிகளைத் திணித்து, பந்து இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, மட்டையால் மெதுவாக மோதி அங்கேயே நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறுத்திய நிலையில் கைகள் மட்டைத்தலைக்குச் சற்று முன்னே, இலக்குப் பக்கமாக இருக்கின்றனவா, இடது மணிக்கட்டின் பின்புறம் மடங்காமல் தட்டையாக இருக்கிறதா, எடையின் பெரும்பங்கு இடக்காலுக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பதற்குத்தான் இந்தப் பை. வேகம் காட்டுவதற்கு இல்லை. பைக்குள் மணலைக் கொட்டி, முழு வேகத்தில் மோதி, மணிக்கட்டைப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நிரப்புவது துணியாகவும், வீச்சு இடுப்பு உயரத்துக்கு மேல் போகாததாகவும் இருந்தால் போதும். டிரைவரை இதில் பயன்படுத்தக் கூடாது.

நான்காம் படி: தடம்

முதல் மூன்று படிகளிலேயே பலருடைய பந்து நேராகிவிடும். அப்போதும் பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது, பவுடர்த் தடமும் நடுவிலேயே விழுகிறது என்றால், மட்டை வெளியிலிருந்து உள்நோக்கிக் குறுக்கே வருகிறது என்று பொருள். இதற்குக் கடையில் பல கருவிகள் இருந்தாலும், ஒரு வெற்று அட்டைப்பெட்டி செய்யாததை அவற்றில் பெரும்பாலானவை செய்துவிடுவதில்லை. பந்துக்கு 25 சென்டிமீட்டர் அளவு பின்னாலும், இலக்குக் கோட்டுக்கு வெளிப்புறமாகவும், மட்டையை இலக்குக் கோட்டின் மேல் அந்த இடத்துக்கு நகர்த்தினால் அதன் நுனியிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளியும் அந்தப் பெட்டியை வைக்க வேண்டும். குறுக்கே வரும் மட்டை பெட்டியைத் தட்டும். உள்ளிருந்து வரும் மட்டை தட்டாது. முதலில் பந்தில்லாமல் மெதுவாக, பிறகு பந்தோடு அரை வீச்சில், அதன் பின்பே முழு வீச்சில் என்று போக வேண்டும். மட்டையின் மெத்தென்ற தலையுறையையும் பெட்டிக்குப் பதிலாக வைக்கலாம். செங்கல், மரக்கட்டை போன்றவற்றை ஒருபோதும் வைக்கக் கூடாது.

இதே பயனுக்காக அலைன்மென்ட் குச்சியைத் தரையில் சாய்வாக ஊன்றி வைப்பவர்கள் உண்டு. மட்டை தண்டின் சாய்வுக்கு இணையாக அது நிற்பதால், வீச்சுத் தளம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆயினும் வேகமாக வரும் மட்டை பட்டால் கண்ணாடியிழை சிம்புசிம்பாகப் பிளக்கும். குனியும்போது அதன் முனை கண்ணைக் குத்தவும் கூடும். நீச்சல் கற்பவர்கள் பிடித்துக்கொள்ளும் நுரைக்குழாயை அதன் மேல் மாட்டாமல் புதியவர் இந்த முறையைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

கைகள் உடம்பை விட்டு விலகிப் பறக்கின்றன என்பது வேறொரு குறை. ஒரு துண்டை மார்புக்குக் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு, அது நழுவாமல் குறுகிய வீச்சுகளை அடிப்பது இதற்குப் பழைய மருந்து. உடம்பும் கைகளும் சேர்ந்து சுழலும் உணர்வை இது நன்றாகத் தரும். முக்கால் வீச்சுக்கு மேல் மட்டும் துண்டை வைத்துக்கொள்ளக் கூடாது. டிரைவரின் முழுப் பின்வீச்சில் வலக்கை மேல்புயம் விலாவை விட்டு விலகுவது இயல்பு. துண்டுக்காக அதைத் தடுத்தால் வீச்சு குறுகி, தோள் விறைத்துவிடும்.

ஐந்தாம் படி: தாளம்

தேர்ந்த ஆட்டக்காரர்களின் வீச்சுகளைப் படக்காட்சியில் சட்டம் சட்டமாக எண்ணிப் பார்த்தவர்கள், பின்வீச்சுக்கும் கீழ்வீச்சுக்கும் ஆகும் நேரம் ஏறத்தாழ 3-க்கு 1 என்ற விகிதத்தில் அமைவதைக் கவனித்திருக்கிறார்கள். வேகமான வீச்சாயினும் நிதானமான வீச்சாயினும் விகிதம் பெரிதும் மாறுவதில்லை. புதியவரிடம் குலைந்திருப்பது பெரும்பாலும் இந்த விகிதமே. பின்வீச்சு நிறைவடைவதற்குள் கைகள் கீழே பாய்ந்துவிடுகின்றன.

கைபேசியில் உள்ள மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 200 தட்டு என்று வைத்தால், ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.3 நொடி இருக்கும். ஒரு தட்டில் வீச்சைத் தொடங்கி, மூன்று இடைவெளிகள் கழிந்து வரும் தட்டில் உச்சியை அடைந்து, அதற்கு அடுத்த தட்டில் பந்தைத் தொட வேண்டும். 0.9 நொடியில் மேலே, 0.3 நொடியில் கீழே என்பது கணக்கு. செயலி இல்லையென்றால் வாய்க்குள் 'த–கி–ட' என்று சொல்லி மேலே போய், 'தா' என்று கீழே வரத் தொடங்கினாலும் போதும். மூன்று எழுத்துகளும் சம இடைவெளியில் விழ வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நுனியில் கனமான பந்தும், நடுவில் வளையும் தண்டும் கொண்ட ஆரஞ்ச் விப் போன்ற கருவிகள் இதே தாளத்தை வேறு வழியில் கற்றுத்தருகின்றன: அவசரப்பட்டால் தண்டு தளர்ந்து, கை தடுமாறுவது உடனே தெரியும். அடிப்பதற்கு முன் உடம்பைச் சூடேற்றவும் அவை பொருத்தமானவை. கூரை தாழ்ந்த அறைக்குள் அவற்றைச் சுழற்றுபவர் விளக்கையும் கண்ணாடியையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தைக் கூட்டும் குச்சிகளைப் பற்றியும் ஒரு சொல். டிரைவரைவிட எடை குறைந்த குச்சிகளையும் எடை கூடிய குச்சியையும் மாறிமாறி முழு வேகத்தில் வீசுவது அந்தப் பயிற்சியின் அடிப்படை. பந்தை முகத்தின் நடுவில் பத்துக்கு ஆறு முறையாவது அடிக்காதவருக்கு அந்தக் கூடுதல் வேகம், பந்தை இன்னும் தொலைவான புதருக்கு அனுப்பவே உதவும். மணிக்கட்டும் முதுகும் பழக்கப்படாத நிலையில் அது காயத்துக்கும் வழி. தள்ளிப்போடலாம்.

பட்டிங்குக்கு ஒரு வாயில்

வீச்சு என்றதும் டிரைவரையே நினைப்பவர்கள், ஆட்டத்தில் அடிக்கடி கையில் எடுக்கும் மட்டை, பந்தைக் குழியை நோக்கித் தரையில் உருட்டும் பட்டர் என்பதை மறந்துவிடுகிறார்கள். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் தொலைவிலிருந்து உருட்டும் பந்து ஒரு டிகிரி விலகிக் கிளம்பினால், குழியை அடையும்போது நடுவிலிருந்து 52 மில்லிமீட்டர் விலகியிருக்கும். குழியின் ஆரமோ 54. அதாவது ஒரு டிகிரி விலகல் வரை பந்து விளிம்பைப் பிடித்தாவது விழக்கூடும். இரண்டு டிகிரி என்றால் வழியே இல்லை.

ஒரு டிகிரியைக் கண்ணால் அளக்க முடியாது. பந்தைத் தரைக்குச் சற்று மேலே தாங்கப் பயன்படும் டீ ஆணிகள் இரண்டால் முடியும். பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் பந்துகள் இந்த அளவை ஒட்டியே இருக்கும். பந்துக்கு 50 சென்டிமீட்டர் முன்னே, 55 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு டீக்களை ஊன்றி, பந்தை அந்த வாயிலின் நடுவே உருட்ட வேண்டும். பக்கத்துக்கு ஆறு மில்லிமீட்டர்தான் சலுகை. முக்கால் டிகிரி விலகினாலே பந்து டீயில் இடித்துவிடும். அதைத் தாண்டிய பந்து, வழி சமதரையாக இருந்து வேகமும் சரியாக இருந்தால், மூன்று மீட்டரில் குழிக்குத் தப்பாது. டைகர் வுட்ஸ் பட்டர்த் தலையின் இருபுறமும் டீ ஊன்றி, ஒரு கையால் உருட்டிப் பழகுவதைப் போட்டிக்கு முன் பலரும் பார்த்திருக்கிறார்கள். அவர் கையாளும் கருவியின் விலை இரண்டு மரத்துண்டுகளின் விலை. கண்கள் பந்துக்கு நேர் மேலேயோ சற்று உட்புறமோ இருக்கின்றனவா என்று காட்டும் பட்டிங் கண்ணாடியும் நல்ல கருவியே. ஒரு வாரம் பார்த்து நிலையைப் பழகிக்கொண்டபின், அதை எடுத்து வைத்துவிடலாம்.

கருவியோடும் கருவியில்லாமலும்

கருவி கையில் இருக்கும்போது நன்றாக வருவதும், இல்லாதபோது கெட்டுப்போவதும் ஏன் என்பதை உடலசைவுக் கல்வி பற்றிய ஆய்வுகள் விளக்கியிருக்கின்றன. ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் திருத்தம் கிடைத்துக்கொண்டே இருந்தால், பயிற்சியின்போது திறன் வேகமாகக் கூடுவது போலத் தோன்றும். அந்தத் திருத்தத்தை நிறுத்தியதும் சரிந்துவிடும். 1984-இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகிய மூவரும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். ஊன்றுகோலோடு நடந்து பழகியவருக்கு ஊன்றுகோல் இல்லாமல் நடை வராததைப் போன்ற நிலை இது.

ஆகவே கருவியோடு மூன்று பந்து, உடனே கருவியை அப்புறப்படுத்திவிட்டு மூன்று பந்து என்று மாற்றிக்கொண்டே செல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கருவியோடு இரண்டு, இல்லாமல் நான்கு என்று ஆக்கலாம். கருவியில்லாத பந்துகள் ஒவ்வொன்றுக்கும் இலக்கை மாற்றுவதும், மட்டையை மாற்றுவதும் நல்லது. மைதானத்தில் ஒரே மட்டையால் ஒரே இடத்துக்கு இருபது பந்து அடிக்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு குறை, ஒரு கருவி, இருபது நிமிடம். அதற்கு மேல் அடிப்பவை பெரும்பாலும் களைப்பில் அடிக்கும் பந்துகள். வாரக் கடைசியில் முதல் படியில் சொன்ன பத்துப் பந்துச் சோதனையைக் கருவி எதுவுமின்றிச் செய்து, பழைய குறிப்போடு ஒப்பிட வேண்டும். நான்கு வாரத்தில் எண்ணிக்கை அசையவில்லை என்றால், குறையைத் தவறாகக் கண்டறிந்திருக்கிறோம் என்று கொண்டு, பயிற்சியாளர் ஒருவரிடம் ஒரு மணிநேரம் காட்டுவது இன்னொரு கருவி வாங்குவதைவிடச் சிக்கனம்.

கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். காப்ரியேல வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கைகளின் அசைவைக் கவனிக்கச் சொல்லப்பட்ட புதியவர்களைவிட, மட்டையின் அசைவைக் கவனிக்கச் சொல்லப்பட்ட புதியவர்கள் குறுகிய தொலைவு அடிகளைத் துல்லியமாகக் கற்றார்கள். பெட்டி, துண்டு, பவுடர்க் கோடு போன்ற எளிய கருவிகள் இவ்வளவு பயன் தருவதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்: "பெட்டியைத் தட்டாதே" என்ற ஒரே கட்டளை, முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு பற்றிய பத்துக் கட்டளைகளின் வேலையைச் செய்துவிடுகிறது.

கைபேசிப் படப்பதிவு இந்தப் பட்டியலில் தனி இடம் பெறத் தக்கது. நொடிக்கு 240 சட்டம் பதியும் மெதுவோட்ட வசதி பல கைபேசிகளில் உண்டு. கைபேசியைக் கையின் உயரத்தில், ஆடாத ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். பின்னாலிருந்து எடுக்கும்போது அது கைகளின் நேர்கோட்டில், இலக்குக் கோட்டுக்கு இணையாகப் பார்த்திருக்க வேண்டும். ஓரடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தாலும் தடம் மாறித் தெரியும். இல்லாத குறையைப் படத்தில் பார்த்துத் திருத்தத் தொடங்கிய கதைகள் பல. பந்தின் வேகத்தையும் மட்டையின் வேகத்தையும் அளக்கும் மின்னணுக் கருவி இருந்தால், புதியவர் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: பந்தின் வேகத்தை மட்டையின் வேகத்தால் வகுத்து வருவது. டிரைவரில் அதன் உச்சம் ஏறத்தாழ 1.5, நமக்கு 1.3 வருகிறது என்றால், பந்து முகத்தின் நடுவில் படவில்லை என்று பவுடர் சொன்னதையே அதுவும் சொல்கிறது.

மைதானத்துக்குள் செல்லும்போது

இந்தக் கருவிகள் பயிற்சித் திடலுக்கு உரியவை. சுற்று தொடங்கிவிட்டால் விதிகள் வேறு. 2010-இல் அமெரிக்காவில் நடந்த பெண்கள் தொழில்முறைப் போட்டி ஒன்றில், பத்தாம் குழியின் தொடக்கத்தில் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்த ஜூலி இங்க்ஸ்டர், உடம்பு இறுகிவிடாமலிருக்க மட்டையில் எடை வளையத்தை மாட்டி வீசிப் பார்த்தார். வெற்றிக்கு எட்டும் தொலைவில் இருந்த அவர் அதற்காகப் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் யு.எஸ்.ஜி.ஏ. அமைப்பும் திருத்தி எழுதி 2019-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளில் இது சற்றுத் தளர்ந்திருக்கிறது: விதி 4.3-இன்படி முதல் மீறலுக்குப் பொதுத் தண்டனை, அதாவது அடிக்கணக்கு ஆட்டத்தில் இரண்டு அடி, நேருக்குநேர் ஆட்டத்தில் அந்தக் குழியையே இழப்பது. இரண்டாம் மீறலுக்கு நீக்கம். கருவி பைக்குள் இருப்பது குற்றமாகாது. சுற்றின்போது அதை எடுத்து வீசுவதே குற்றம்.

நிற்கும் திசையைக் காட்டத் தரையில் மட்டையையோ குச்சியையோ கிடத்தி, அதன்படி பாதங்களை வைப்பதும் விதி 10.2-இன் கீழ் அதே தண்டனைக்கு உரியது. பாதத்தை வைத்துவிட்டுப் பின் விலகி அதை எடுத்துவிட்டாலும் தண்டனை நீங்காது. குச்சியோடு பழகியவர் சுற்றின்போது செய்யக்கூடியது, பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்த்து, அந்தக் கோட்டில் பந்துக்கு ஒரு மீட்டர் முன்னே ஏற்கெனவே கிடக்கும் ஓர் இலையையோ பழைய மண்தடத்தையோ குறித்துக்கொண்டு, முதலில் மட்டைமுகத்தை அதற்கு நேராக வைத்து, பிறகு பாதங்களை அந்தக் கோட்டுக்கு இணையாக அமைத்துக்கொள்வதாகும்.